சின்ன ஊர், பெரிய கம்பெனி: எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி?

ஊருக்கு ஒரே பெரிய ஆலை. பாதி ஊருக்கு அங்கே சம்பளம், மீதி ஊருக்கு அந்தச் சம்பளத்தை நம்பி வியாபாரம். இப்படி ஓர் ஊரில் அந்த ஆலை, "இனி எங்கள் மருத்துவக் காப்பீட்டில் திருநர் ஊழியர்களின் சிகிச்சைக்கும் இடம் உண்டு, மணமாகாத துணையையும் சேர்க்கலாம்" என்று சுற்றறிக்கை விட அரை நாள் போதும். அடுத்த பத்து மாதத்தில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை என்றால், தேவை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் தேவை இருக்கும். க்ளெய்ம் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி எச்.ஆர். துறைக்கும், பாலிசி வாங்கித் தரும் ப்ரோக்கருக்கும், தொழிற்சங்கத்தில் இதைப் பேசவேண்டியவர்களுக்கும். இந்தியச் சட்டமும் இந்தியக் காப்பீட்டு நடைமுறையும்தான் இதற்கு அடிப்படை. முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஜாம்ஷெட்பூர் என்ற ஆலை நகரத்தைக் கட்டிய டாடா ஸ்டீல், 2019 டிசம்பரில் தன்பாலினத் துணையை ஊழியர்கள் முறைப்படி அறிவித்து மருத்துவ வசதி உள்ளிட்ட சலுகைகளைப் பெற வழி செய்தது. திருநர் ஊழியர்களின் அறுவை சிகிச்சைக்கு நிதியுதவியும் 30 நாள் சிறப்பு விடுப்பும் அதே அறிவிப்பில் இருந்தன.

எப்போது தொடங்குவது

குரூப் பாலிசி ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஏப்ரல் 1 உங்கள் புதுப்பிப்பு நாள் என்றால், டிசம்பர் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். கடைசி மூன்று வாரத்தில் ப்ரோக்கரிடம் சொன்னால், "இந்த வருஷம் போகட்டும் சார், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். அந்த நேரத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் அண்டர்ரைட்டர் (ஆபத்தை எடைபோட்டு பிரீமியத்தை முடிவு செய்பவர்) விலையை மட்டும்தான் பேசுவார், வாசகத்தைத் திருத்த உட்கார மாட்டார். நடுவாண்டில் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு இணைக்கும் திருத்தம்) மூலம் சேர்க்கவும் முடியும். ஆனால் அந்தச் சேர்ப்பு தனியாக, வெளிச்சம் போட்டதுபோல் தெரியும். புதுப்பிப்போடு சேர்த்துச் செய்தால் பத்து மாற்றங்களில் ஒன்றாகக் கலந்துவிடும்.

முதல் படி: கையில் இருக்கும் பாலிசியைப் படியுங்கள்

ஊழியர்களுக்குக் கொடுக்கும் நாலு பக்கக் கையேடு இதற்கு உதவாது. காப்பீட்டு நிறுவனம் தந்த முழு வாசகத்தையும் அதோடு இணைந்த எண்டார்ஸ்மென்ட்களையும் வாங்குங்கள். குடும்பம் என்பதற்கான வரையறை, விலக்குகள் பட்டியல், சப்-லிமிட் (குறிப்பிட்ட சிகிச்சைக்கு மட்டும் வைக்கும் உச்ச வரம்பு) அட்டவணை ஆகிய மூன்றையும் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

விலக்குகளில்தான் முடிச்சு இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரில் விலக்குகளுக்குப் பொது வாசகமும் 01 முதல் 18 வரை குறியீட்டு எண்களும் வகுத்தது. பெரும்பாலான பாலிசிகளில் இன்றும் அதே எண்களைப் பார்க்கலாம். அதில் 07-வது, உடலின் இயல்புகளை எதிர்ப்பாலுக்கு மாற்றும் எந்தச் சிகிச்சைக்கும், அறுவை சிகிச்சை உட்பட, பணம் கிடையாது என்கிறது. திருநர் சிகிச்சையைச் சேர்க்க நினைக்கும் எல்லா நிறுவனமும் இதை நீக்கச் சொல்லிக் கேட்கும். நீக்கியும் கொடுத்துவிடுவார்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஏனென்றால் அதே சிகிச்சையை மறிக்க இன்னும் இரண்டு எண்கள் காத்திருக்கின்றன.

08-வது எண் அழகுக்கான அறுவை சிகிச்சை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சையும் தவிர, தோற்றத்தை மாற்றும் எதுவும் இதில் அடங்கும். திருநம்பி ஒருவரின் மார்பு அறுவை சிகிச்சை க்ளெய்ம் 07-இல் தப்பி 08-இல் மாட்டிக்கொள்ளும். 17-வது எண் மலட்டுத்தன்மை, செயற்கைக் கருத்தரிப்பு, கருத்தடை பற்றியது. "எந்த வகைக் கருத்தடையும்" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, திருநங்கையின் விரை அகற்றும் சிகிச்சையையும் திருநம்பியின் கருப்பை அகற்றும் சிகிச்சையையும் நிராகரிக்க வழியிருக்கிறது.

அதனால் "07 நீக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியை ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்டார்ஸ்மென்டில் இந்தப் பொருளில் வாசகம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்:

"பதிவுபெற்ற மருத்துவர் பரிந்துரைத்த பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை, அதற்கான அறுவை சிகிச்சைகள், அதன் சிக்கல்களுக்கான சிகிச்சை ஆகியவை இந்தப் பாலிசியில் மருத்துவத் தேவையாகக் கருதப்படும். விலக்கு எண்கள் 07, 08, 17 ஆகியவை இவற்றுக்குப் பொருந்தா. இதற்குக் காத்திருப்புக் காலம் கிடையாது."

'சிக்கல்களுக்கான சிகிச்சை' என்ற சொற்களை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். முன்பே வேறெங்கோ சொந்தச் செலவில் அறுவை செய்துகொண்ட ஊழியருக்குச் சிறுநீர்ப்பாதை அடைப்போ தொற்றோ வந்தால், "விலக்கப்பட்ட சிகிச்சையின் விளைவு" என்று அந்த க்ளெய்மையும் தள்ளிவிடுவார்கள். உங்கள் ஊழியர்களில் பலருக்கு முதலில் தேவைப்படுவதும் இதுதான்.

எது கட்டாயம், எது உங்கள் விருப்பம்

இரண்டையும் குழப்பிக்கொண்டால் இயக்குநர் குழுவில் வாதம் எடுபடாது.

திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் 2019, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 9-வது பிரிவு வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. 11-வது பிரிவு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. 2020-இல் வந்த விதிகள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடவும், ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைக்கவும் சொல்கின்றன. புகார் வந்த 15 நாளில் விசாரணையும், அறிக்கை கிடைத்த 15 நாளில் நடவடிக்கையும் முடிய வேண்டும். ஆனால் அறுவை சிகிச்சைச் செலவைத் தனியார் முதலாளி ஏற்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. 15-வது பிரிவு காப்பீடு பற்றிப் பேசுவது அரசின் கடமையாகத்தான். எனவே அந்தச் சலுகை உங்கள் முடிவு. இந்தத் துறையில் சட்டமும் தீர்ப்பும் வேகமாக மாறுகின்றன. கொள்கையில் கையெழுத்திடும் வாரத்தில் வழக்கறிஞர் ஒருவரிடம் அன்றைய வாசகத்தைக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

மனநல சிகிச்சையில் பேரத்துக்கே இடமில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 21(4) பிரிவின்படி உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் இருக்க வேண்டும். பாலிசியில் மனநலத்துக்கு மட்டும் 30,000 ரூபாய் சப்-லிமிட் என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் இந்தப் பிரிவைக் காட்டி எடுக்கச் சொல்லுங்கள். காப்பீட்டுக் கணிப்பு ஆய்வின் ஆதாரம் இல்லாமல் எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்குக் காப்பீட்டை மறுப்பதையும், வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதையும் 2017-இன் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அதற்கும் ஒரு புகார் அலுவலர் தேவை. திருநர் சட்டத்தின் புகார் அலுவலரையே இதற்கும் நியமித்தால் நிர்வாகம் எளிது.

தன்பாலினத் துணையைச் சேர்க்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவுமில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்த உறவைக் குற்றமாக்கிய அளவில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை ரத்து செய்தது. 2023 அக்டோபர் 17-இல் அதே நீதிமன்றம் திருமண உரிமையை ஏற்க மறுத்தது. "திருமணம் இல்லையே, பின் எப்படிக் குடும்பம்?" என்று கேட்பவருக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் பதில் சொல்லியிருக்கிறது: குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல. துணையோடு கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் அந்தக் கணக்கில் துணையை நாமினியாக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியதையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணையை எப்படி வரையறுப்பது

இங்கே ஒரு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். படிவத்தில் "தன்பாலினத் துணை" என்று ஒரு கட்டம் வைத்தால், அதில் டிக் போடுகிறவர் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டார் என்று பொருள். "கணவன்/மனைவி அல்லது துணை" என்று ஒரே கட்டமாக வைத்து, மணமாகாமல் சேர்ந்து வாழும் ஆண்-பெண் இணைகளுக்கும் திறந்துவிடுங்கள். காரணம் சொல்லாமலே சேரலாம். கட்டுப்பெட்டியான ஊரில் சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் வேறு மாதிரி ஏச்சு வாங்குகிறார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் கட்டம் பொதுவாக இருப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு.

சான்று என்ன கேட்பது? பெருநகர நிறுவனங்களின் படிவத்தை நகலெடுத்தால் இங்கே கோட்டை விடுவீர்கள். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டுக் கணக்கு, ஒரே முகவரி கொண்ட ஆதார் எல்லாம் அங்கே கேட்பார்கள். சின்ன ஊரில் வீட்டுக்காரரிடம் "ஃப்ரெண்டு" என்று சொல்லி ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். சிலர் ஒரே வீட்டில் இருக்கவே முடியாமல் இரண்டு தெருவில் இருப்பார்கள். ஆகவே சுய அறிவிப்பு போதும். முத்திரைத்தாளும் நோட்டரியும் வேண்டாம், உள்ளூர் நோட்டரியும் ஊர்க்காரர்தானே. அறிவிப்பில் இவை இருந்தால் போதும்: இருவரும் 18 வயது நிறைந்தவர்கள், வேறு யாருடனும் திருமண உறவில் இல்லை, குறைந்தது 6 மாதமாக ஒருவருக்கொருவர் பொறுப்பேற்ற உறவில் இருக்கிறார்கள், உறவு முடிந்தால் 30 நாளில் தெரிவிப்பார்கள், அடுத்த துணையைச் சேர்க்க 12 மாத இடைவெளி ஒப்புதல்.

அந்த 12 மாத இடைவெளி அண்டர்ரைட்டரின் பயத்துக்கான மருந்து. நோயாளி நண்பர்களை மாற்றி மாற்றித் துணையாகச் சேர்ப்பார்கள் என்பதுதான் அவர்களின் வழக்கமான ஆட்சேபம். இந்த நிபந்தனையைக் காட்டினால் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் துணை இறந்துபோனால் இந்த இடைவெளி பொருந்தாது என்று எழுத மறக்காதீர்கள்.

பெற்றோர் காப்பீடு உள்ள பாலிசிகளில் "சொந்தப் பெற்றோர் அல்லது மாமனார் மாமியார்" என்றிருக்கும். அங்கேயும் "துணையின் பெற்றோர்" என்று சேருங்கள். துணையின் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள்.

வரியில் ஒரு சின்ன வலை இருக்கிறது. மருத்துவச் சலுகைக்கு வருமான வரிச் சட்டம் தரும் விலக்கு கணவன்/மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர், உடன்பிறந்தோர் என்ற வட்டத்துக்குத்தான். மணமாகாத துணைக்கான பிரீமியம் ஊழியரின் சலுகை வருமானமாகக் கணக்கிடப்படலாம். ஆடிட்டரிடம் முன்கூட்டியே எழுத்தில் கருத்து வாங்குங்கள். வரி வரும் என்றால் அந்தத் தொகையை நிறுவனமே ஈடுகட்டிவிடலாம். சம்பளச் சீட்டில் அது தனி வரியாக, "துணை காப்பீடு" என்று அச்சாகக் கூடாது. "இதர சலுகை" என்று இருந்தால் போதும்.

பி.எஃப். வேறு விதி. குடும்பம் உள்ள உறுப்பினர் குடும்பத்தில் ஒருவரைத்தான் நாமினியாக்க முடியும். குடும்பத்தின் வரையறையை நிறுவனத்தால் மாற்ற முடியாது. துணைக்குப் பணம் போய்ச்சேர வேண்டும் என்று விரும்புபவருக்கு, நிறுவனம் எடுக்கும் குரூப் டெர்ம் இன்ஷூரன்ஸில் துணையை நாமினியாக்கும் வழியைக் காட்டுங்கள். உயிலும் எழுதச் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ. தொழிலாளர்களை மறக்காதீர்கள்

ஆலை நகரத்தில் பெரும்பான்மைத் தொழிலாளர் குரூப் பாலிசிக்குள்ளேயே வரமாட்டார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. அங்கே குடும்பம் யார் என்று சட்டம் சொல்கிறது, உங்களால் ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. ஆக, புதுச் சலுகை அலுவலக ஊழியருக்கு மட்டும் போய், ஷாப் ஃப்ளோரில் இருக்கும் திருநங்கைக்கு ஒன்றும் கிடைக்காமல் போகும். அறிவிப்பு வந்த மறுநாளே தொழிற்சங்கம் இதைத்தான் கேட்கும். கேட்பது நியாயமும்கூட.

தீர்வு, இ.எஸ்.ஐ.-க்கு மேலே ஒரு சிறிய நிறுவன நிதி. துணையின் மருத்துவமனைச் செலவுக்கும் இ.எஸ்.ஐ. தராத சிகிச்சைக்கும் அதிலிருந்து திருப்பிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் திருநருக்கென்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையான தனித் தொகுப்பு 2022-இல் அறிவிக்கப்பட்டது. இவற்றைப் பயன்படுத்துபவருக்குச் சம்பளத்துடன் விடுப்பும் பயணப்படியும் கொடுத்தாலே பெரிய உதவி. இலவச சிகிச்சை இருந்தும் போகாததற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு மாதக் கூலி போய்விடும் என்பதுதான்.

திருநர் சிகிச்சைத் தொகுப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

அறுவை சிகிச்சையை மட்டும் சேர்த்துவிட்டு நிற்பது இன்னொரு பொதுத் தவறு. பலர் அறுவை சிகிச்சைக்கே போவதில்லை. ஆண்டு முழுக்கத் தேவைப்படுவது வெளிநோயாளிச் செலவு: மனநல ஆலோசனை, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் கட்டணம், ஹார்மோன் மருந்து, ரத்தப் பரிசோதனை. ஹார்மோன் தொடங்கிய முதல் ஆண்டு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறையும் பரிசோதனை தேவை. டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு ரத்தச் சிவப்பணுவின் அடர்த்தியும், ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். சாதாரண குரூப் பாலிசியில் வெளிநோயாளிச் செலவே வராது. அதற்கு ஓ.பி.டி. இணைப்பு வாங்குங்கள், அல்லது ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று நிறுவனமே ஒதுக்குங்கள். எல்லா ஊழியருக்கும் பொதுவான ஓ.பி.டி. தொகையாக வைத்தால் சர்க்கரை நோய்க்காரரும் அதே வாசல் வழியாகத்தான் போவார், யாரும் தனித்துத் தெரிய மாட்டார்.

அறுவை சிகிச்சைக்கு வரம்பு வைப்பதில் இரண்டு யோசனை. சில சிகிச்சைகள் ஒரே தடவையில் முடியாது. திருநம்பிகளுக்கான கீழ் உறுப்பு அறுவை பல கட்டங்களாக, மாதக்கணக்கில் இடைவெளி விட்டு நடக்கும். "வாழ்நாளில் ஒரு தடவை" என்று எழுதினால் இரண்டாம் கட்டம் சொந்தக் காசில்தான். தொகைக்கு வரம்பு வையுங்கள், தடவைக்கு வைக்காதீர்கள். இரண்டாவது, உங்கள் ஊரில் இந்த அறுவை செய்பவர் இருக்க வாய்ப்பே குறைவு. நெட்வொர்க் பட்டியலில் குறைந்தது இரண்டு வெளியூர் மருத்துவமனைகளைச் சேர்க்கச் சொல்லி, போக்குவரத்துக்கும் உடனிருப்பவர் தங்கலுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். அந்த இரண்டு இடங்களிலும் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அதை வைத்து வரம்பை முடிவு செய்யுங்கள். இணையத்தில் பார்த்த தொகையை நம்பாதீர்கள்.

விடுப்பு: மார்பு அறுவைக்குப் பின் கனமான எதையும் தூக்காமல் மூன்று முதல் ஆறு வாரம், கீழ் உறுப்பு அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் அல்லது அதற்கும் மேல். உலைப் பக்கமோ சரக்கு ஏற்றும் தளத்திலோ வேலை செய்பவர் திரும்பியதும் இலகு வேலை தேவை. அந்தச் சீட்டில் நோயின் பெயர் இருக்கக் கூடாது, "எடை தூக்கக் கூடாது, இன்ன தேதி வரை" என்பது போதும்.

பணம்

கணக்கைக் காட்டாமல் இயக்குநர் குழு அசையாது. ஒரு கற்பனைக் கணக்கு: 3,000 குடும்பங்கள், குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று ஆண்டு பிரீமியம் 2 கோடியே 40 லட்சம். அறுவைக்கு வரம்பு 5 லட்சம், ஓராண்டில் இருவர் முழுத் தொகையும் பயன்படுத்துகிறார்கள் என்று தாராளமாகவே வைப்போம். 10 லட்சம். மொத்தத்தில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். பெற்றோர் காப்பீடு இருக்கும் பாலிசியில் முழங்கால் மாற்று அறுவையே இதைவிட அதிகமாகத் தின்னக்கூடும். துணைகளுக்கான பிரீமியம் கணவன்/மனைவிக்கு ஆகும் அதே தலைவிலைதான். குரூப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் வந்த விலக்கு தனிநபர் பாலிசிக்குத்தான்.

காப்பீட்டு நிறுவனம் 07-ஐ எடுக்கவே மறுத்தாலோ பெரிய தொகை கேட்டாலோ, கார்ப்பரேட் பஃபர் தொகையிலிருந்து (குரூப் பாலிசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கிவைக்கும் கூடுதல் தொகை) கொடுக்க ஏற்பாடு செய்யலாம். அதுவும் நடக்காவிட்டால் நிறுவன நிதியிலிருந்து நேரடியாக. ஆனால் பஃபரைத் திறக்க எச்.ஆர். தலைவரின் கையெழுத்து தேவை என்று வழக்கமாக ஒரு விதி இருக்கும். அந்த விதி இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கு மட்டும் டி.பி.ஏ.-யே (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் இடை நிறுவனம்) முடிவெடுக்கட்டும் என்று மாற்றுங்கள்.

ரகசியம்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் திட்டம் செத்துப்போவது இங்கேதான். ஒரு க்ளெய்ம் போகும் வழியைக் கால்நடையாகப் பின்தொடர்ந்து பாருங்கள்.

ஊழியர் படிவத்தைப் பிளான்ட் எச்.ஆர். மேசையில் கொடுக்கிறார். அங்கே உட்கார்ந்திருப்பவர் அவரது சித்தப்பா மகனின் மைத்துனர். படிவம் ஒரு எக்செல் கோப்பில் ஏறுகிறது, பெயர், உறவு, பால் என்ற நிரல்களோடு. கோப்பு ப்ரோக்கருக்கு மின்னஞ்சலில் போகிறது, நகல் மூன்று பேருக்கு. ஈ-கார்டு அச்சாகி வீட்டு முகவரிக்குத் தபாலில் வருகிறது, அப்பா பிரிக்கிறார். மருத்துவமனையில் கேஷ்லெஸ் கவுண்டரில் இருப்பவர் பக்கத்துத் தெரு. அனுமதி கிடைத்ததும் குறுஞ்செய்தி, பதிவில் இருக்கும் எண்ணுக்கு. அது அம்மாவின் எண். மாதக் கடைசியில் டி.பி.ஏ. அனுப்பும் அறிக்கையில் ஊழியர் எண், நோய்க் குறியீடு, தொகை. குறியீடு எஃப் 64 என்று தொடங்கினால், அதன் பொருளைக் கூகுளில் தேட ஒரு நிமிடம் ஆகாது.

ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக அறுக்க வேண்டும். பதிவு முழுக்க டி.பி.ஏ.-யின் இணையதளம் வழியாகவே நடக்கட்டும், பிளான்ட் எச்.ஆர். பார்க்கவே கூடாது. நிறுவனத்துக்குத் தேவை தலை எண்ணிக்கை மட்டும். ஈ-கார்டு செயலியில் மட்டும், தபாலில் வேண்டாம். கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் ஊழியரே உறுதிசெய்யும் படி ஒன்று பதிவின்போது இருக்கட்டும். பலருக்கு வேலையில் சேர்ந்த நாளில் கொடுத்த வீட்டு எண்ணே கிடக்கும். மாத அறிக்கையில் பெயரும் ஊழியர் எண்ணும் வேண்டாம், ஐந்து பேருக்குக் குறைவான எந்த நோய்த் தொகுப்பும் "இதர" என்ற தலைப்பில் போகட்டும். இதை டி.பி.ஏ. ஒப்பந்தத்தில் ஷரத்தாக எழுதுங்கள். வாய்வார்த்தை அடுத்த கணக்கு மேலாளர் வந்ததும் காணாமல் போகும். ஆலை வளாகத்தில் டி.பி.ஏ. ஹெல்ப்டெஸ்க் இருந்தால், வெளியூரிலிருந்து பேசும் ஒரு தொலைபேசி எண்ணும் கூடவே இருக்கட்டும்.

உள்ளூர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவருக்கு, 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மருத்துவமனையிலும் எந்தக் கேள்வியும் இல்லாமல் கேஷ்லெஸ் கிடைக்க வேண்டும். "வசிக்கும் ஊருக்கு அருகில்" என்ற கட்டுப்பாடு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரும் பாலும் பொருந்தாதபோது

டி.பி.ஏ. மென்பொருளில் பால் "ஆண்" என்று இருந்து, க்ளெய்ம் கருப்பைக் கட்டிக்கு வந்தால், மனிதர் யாரும் பார்க்காமலே தானாக நிராகரிக்கப்படலாம். திருநங்கையின் ப்ராஸ்டேட் பரிசோதனைக்கும் இதே கதி. அவசரத்தில் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது இதை விளக்க வேண்டியிருப்பது கொடுமை. புதுப்பிப்புக்கு முன்பே டி.பி.ஏ.-யிடம் ஒரு சோதனை க்ளெய்மை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்: பால் ஆண், நோய் கருப்பைக் கட்டி. நிராகரிப்பு வந்தால், பால்-நோய் பொருத்தச் சோதனையில் விழும் க்ளெய்ம்களை மருத்துவ அலுவலர் ஒருவர் பார்க்கும்படி மாற்றச் சொல்லுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 2024 மே உத்தரவு. இந்தக் கோளாறு அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

ஆதாரில் ஒரு பெயர், சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், புழங்கும் பெயர் வேறு என்று இருப்பது இயல்பு. காப்பீட்டுப் பதிவில் கே.ஒய்.சி. ஆவணத்தின் பெயர் வேண்டும், அதை மாற்ற முடியாது. அடையாள அட்டை, மின்னஞ்சல், வருகைப் பதிவு ஆகியவற்றில் புழங்கும் பெயரைத் தாராளமாக வைக்கலாம். ஆவணங்கள் மாறியதும் காப்பீடு, பி.எஃப்., வங்கி, பான் எல்லாம் ஒரே வாரத்தில் மாறும்படி ஒருவர் பொறுப்பேற்று முடிக்கட்டும். பாதி மாறி பாதி மாறாத நிலையில்தான் க்ளெய்ம் மாட்டும்.

ஊரிடம் எப்படிச் சொல்வது

வானவில் பதாகையோடு விழா எடுத்தால் படம் நன்றாக வரும். அடுத்த நாள் அந்த ஆலையில் வேலை செய்யும் ஒவ்வொரு திருநங்கையையும் பேருந்தில் விசாரிப்பார்கள். அறிவிப்பை வருடாந்திர சலுகை மாற்றங்களோடு ஒன்றாகக் கொடுங்கள்: பெற்றோர் காப்பீட்டுத் தொகை உயர்வு, மனநல சிகிச்சை, ஓ.பி.டி., துணை, திருநர் சிகிச்சை. தமிழில், ஒரே தாளில், எல்லோருக்கும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்குத் தாள் ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கப்போவது இரண்டுதான். "இதனால் எங்கள் ஆட்களுக்குக் குறையுமா?" என்பதற்கு மேலே உள்ள கணக்கு பதில். "இதெல்லாம் நம்ம ஊருக்கு எதற்கு?" என்பதற்கு, ஏற்கெனவே உள்ளே வேலை செய்யும் தொழிலாளிக்குத்தான் என்று சொன்னால் போதும். சித்தாந்தம் பேசி ஜெயிக்க முயலாதீர்கள். "கொள்கையை ஏற்காவிட்டாலும் சக தொழிலாளியின் மருத்துவச் சீட்டைப் பற்றிப் பேசுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது" என்ற ஒரு வரி மட்டும் உறுதியாக இருக்கட்டும். சூப்பர்வைசர்களுக்கான பயிற்சியில் முக்கால்வாசி நேரம் இந்த ஒரு வரிக்கே போகலாம்.

சலுகை மட்டும் போதாது என்பதற்குக் கொச்சி மெட்ரோ சாட்சி. 2017-இல் 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது நாடெங்கும் செய்தியானது. வாடகைக்கு வீடு கிடைக்காததால் அவர்களில் சிலர் சில வாரங்களிலேயே வேலையை விட்டார்கள். ஆலைக் குடியிருப்பில் இரண்டு வீடுகளை ஒதுக்குவது, காப்பீட்டு வாசகத்தைத் திருத்துவதற்கு நிகரான மருத்துவ உதவி என்றே எடுத்துக்கொள்ளலாம். அறுவை முடிந்து வந்தவர் ஆறு வாரம் எங்கே படுப்பார்?

க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால்

நிராகரிப்புக் கடிதத்தில் எந்த விலக்கு எண் என்று எழுத்தில் கேளுங்கள். எண்டார்ஸ்மென்ட் நகலோடு காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா புகார் தளத்தில் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடமும் (காப்பீட்டுப் புகார்களுக்கான குறைதீர்ப்பாளர்) போகலாம்: குரூப் பாலிசியில் உள்ள தனிநபரும் போகலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க முடியும், நிராகரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஊழியர் தனியாக அலையாமல் ப்ரோக்கர் இதைச் செய்து தரவேண்டும் என்று ப்ரோக்கர் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அவர் வாங்கும் கமிஷனுக்கு இதுவும் வேலைதான்.

முதல் ஆண்டு முடிவில் டி.பி.ஏ.-யிடம் கேட்க வேண்டியவை: எத்தனை துணைகள் பதிவானார்கள், பதிவைத் தொடங்கிப் பாதியில் விட்டவர் எத்தனை பேர், வெளியூர் எண்ணுக்கு எத்தனை அழைப்புகள் வந்தன. பாதியில் விட்டவர் அதிகம் என்றால் படிவத்தில் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது முகவரி கேட்கும் பக்கமாக இருக்கும்.